தாமதமான வண்டியும் ஊர் சேரும்

நீச்சல், மிதிவண்டி, ஓட்டம் ஆகிய மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே மூச்சில் செய்து முடிக்கும் பந்தயத்துக்கு டிரையத்லான் என்று பெயர். 2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் இது முதன்முறையாக இடம் பெற்றது. ஒலிம்பிக்கில் நீந்த வேண்டிய தூரம் ஒன்றரைக் கிலோமீட்டர், மிதிவண்டியில் 40, ஓட்டத்தில் 10. இதனினும் பன்மடங்கு கடியது, இரும்பு மனிதன் என்று பொருள்படும் அயர்ன்மேன் பந்தயம். 3.8 கிலோமீட்டர் நீந்தி, 180 கிலோமீட்டர் மிதிவண்டி மிதித்து, பின்னர் 42.2 கிலோமீட்டர் ஓட வேண்டும். மிதிவண்டித் தூரம் மட்டுமே சென்னை எழும்பூரிலிருந்து விழுப்புரத்தைத் தாண்டிவிடும்! 1978-இல் ஹவாய்த் தீவுகளில் இப்பந்தயம் முதன்முதலில் நடந்தபோது புறப்பட்டவர் 15 பேர். முடித்தவர் 12 பேர்.

இத்தகைய பந்தயத்தில் இடையூறு நேராதவர் அரியர். ஆதலின், இடையூறு நேர்ந்தபின் என்ன செய்தார் என்பதைக் கொண்டே ஒருவரை மதிப்பிட வேண்டியிருக்கிறது. இருவர் வரலாற்றை அன்பர்களுக்குச் சொல்ல விழைகிறோம்.

முதலாமவர் ஜூலி மாஸ் என்னும் அமெரிக்கப் பெண்மணி. 1982 பிப்ரவரியில் ஹவாய்ப் பந்தயத்தில் கலந்துகொண்டபோது வயது 23. கல்லூரி ஆய்வுக் கட்டுரைக்குச் செய்தி திரட்டும் பொருட்டே அவர் அதில் சேர்ந்தார். ஓட்டத்தில் பெண்களுள் முதல்வராக வந்துகொண்டிருந்தவருக்கு, முடிவுக் கோடு நெருங்கிய வேளையில் உடலின் சத்தெல்லாம் தீர்ந்து கால்கள் துவண்டன. விழுந்தார், எழுந்தார், மீண்டும் விழுந்தார். கோட்டுக்குச் சில அடிகளே இருந்தபோது கேத்லீன் மெக்கார்ட்னி என்பவர் அவரைக் கடந்து சென்று வெற்றி பெற்றார். முதலிடம் கைநழுவிய பின்னும் மாஸ் அங்கேயே கிடந்துவிடவில்லை. கைகளை ஊன்றித் தவழ்ந்து கோட்டைத் தொட்டார். வென்றவருக்கும் அவருக்கும் இடையே 29 விநாடிகள். தொலைக்காட்சியில் அக்காட்சியைக் கண்டு, இப்பந்தயத்தில் நாட்டம் கொண்டவர் பலர்.

இரண்டாமவர் கிறிஸ் நிகிச். டவுன் சின்ட்ரோம் என்னும் பிறவி நிலை உடையவர்; அதாவது, உயிரணுக்களில் 21-ஆம் குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருக்கும். இவ்வாறு பிறக்கும் பிள்ளைகள் நடக்கவும் பேசவும் கற்பதற்குக் கூடுதலான காலம் வேண்டும். நிகிச்சுக்குப் பிறந்த சில மாதங்களிலேயே இருதயத்தில் அறுவைச் சிகிச்சை செய்ய நேர்ந்தது. நேற்றையினும் இன்று நூற்றில் ஒரு பங்கு மேம்பட வேண்டும் என்பதே அவரும் தந்தையாரும் வகுத்துக்கொண்ட விதி. 2020 நவம்பர் 7 அன்று, தமது 21-ஆம் வயதில், புளோரிடாவில் அயர்ன்மேன் பந்தயத்தில் இறங்கினார். வழியில் எறும்புகள் காலைக் கடித்துப் புண்ணாக்கின. மிதிவண்டியிலிருந்து விழுந்து அடியும் பட்டது. எனினும் 17 மணி நேரக் கெடுவுக்குள், 16 மணி 46 நிமிஷம் 9 விநாடியில் முடித்தார். அந்நிலையுடையோருள் அயர்ன்மேன் பந்தயத்தை முடித்த முதல்வர் அவரே. துணைவர் ஒருவர் உடன் சென்றார். ஆயினும் துணைவர் வழி காட்டலாமேயன்றி, அவருக்காக நீந்தவோ மிதிக்கவோ ஓடவோ இயலாது. கடிகாரமும் அவருக்கெனச் சலுகை காட்டவில்லை.

வண்டிகளின் நேரக் கணக்கோடு நாள்தோறும் பழகும் நமக்கு இவ்வரலாறு புதிதாகத் தோன்றவில்லை. வழியில் ஒரு மணி நேரம் தாமதமான வண்டியை ஓட்டுநர் அடுத்த ஸ்டேஷனுக்குள்ளேயே சரிக்கட்டிவிட முயல்வதில்லை. அப்பகுதிக்கு விதித்த வேகத்தை மீற அவருக்கு உரிமையும் இல்லை. இங்கே இரண்டு நிமிஷம், அங்கே மூன்று நிமிஷம் என ஈடுகட்டிக்கொண்டே செல்கிறார். இதற்கென்றே கால அட்டவணையில் சில நிமிஷங்கள் கூடுதலாக வைக்கப்பட்டிருக்கின்றன. தாமதமான வண்டி வேறு; ரத்தான வண்டி வேறு. இவ்வேற்றுமையை அறியாத பிரயாணி எவருமில்லை. பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் நாம் இதை மறந்துவிடுகிறோம்.

மாற்றல் உத்தரவு கைக்கு வந்ததும் மூட்டை கட்டிக்கொண்டு மும்பைக்கோ நாகபுரிக்கோ தில்லிக்கோ குடிபெயரும் குடும்பங்கள் நம்முடையவை. பள்ளி ஆண்டின் நடுவில், பழகாத மொழியில் பாடம் கேட்கும் பிள்ளை முதல் தேர்வில் தவறிவிடுகிறது. உடனே, "இவனுக்குப் படிப்பு வராது" என்று தீர்ப்பளிக்கிறோம். ஊரிலுள்ள பாட்டி வீட்டுக்கு அனுப்பலாமா, படிப்பை நிறுத்தி வேலையில் சேர்க்கலாமா என்று யோசிக்கிறோம். பெண் பிள்ளையாயின் இம்முடிவு இன்னும் விரைந்து வருகிறது. பாடத்தை அறியாமையால் அன்று, கேள்வித்தாளின் மொழியை அறியாமையால் தவறிய பிள்ளைக்கு இது தகுமா?

நாம் செய்யத்தக்கது எளியது. ஒரு நாளைக்குப் பத்துச் சொற்கள்; அன்றைய பாடத்தில் ஒரு பக்கம்; அவ்வளவே. ஆறு மாதத்தில் அது ஓராயிரத்து எண்ணூறு சொற்களாகும். அம்மொழியில் பயின்ற பக்கத்து வீட்டு அண்ணனோ அக்காளோ மாலையில் அரைமணி நேரம் உடனிருந்தால் துணையும் கிட்டிவிடும். பிள்ளையின் வீட்டுப் பாடத்தைத் தந்தையே எழுதிக் கொடுப்பது துணையாகாது. அடுத்த வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண்ணோடு ஒப்பிடுவதும் கூடாது. சென்ற மாதம் எத்தனை, இம்மாதம் எத்தனை என்று மட்டுமே பார்த்தல் வேண்டும்.

அரையாண்டுத் தேர்வு முடிவுகள் வீடு வந்து சேரும்போது, ஊருக்குக் கடிதம் எழுதப் பேனாவை எடுக்குமுன், பிள்ளையை அருகில் அமர்த்தி விடைத்தாளைப் புரட்டுங்கள். எந்தக் கேள்வியில் தடுக்கிற்று என்று பாருங்கள். மறுநாளைப் பத்துச் சொற்களை அங்கிருந்தே தொடங்கலாம்.