ஈட்டி, சாக்கு, எலிகள்

பெங்களூரின் போர்டு கேம் கஃபேக்களில் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறவர்கள் பலருக்கு விதிப்புத்தகத்தைவிட ‘விவசாயி ரெயில்கன்’ நன்றாகத் தெரியும். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ், 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் கொண்டுவந்த, கதாபாத்திரமேற்று ஆடும் ஆட்டம். இன்றைய விதிப்படி சண்டையின் ஒரு சுற்று, கதைக்குள் 6 நொடி. ‘இன்னது நடந்தால் இன்னது செய்வேன்’ என்று தன் முறையில் சொல்லிவைத்துவிட்டால், அது நடந்த உடனே செய்துகொள்ளலாம். 2,000 குடியானவர்களை ஐந்தடிக்கு ஒருவராக நிறுத்தி, ‘ஈட்டி கைக்கு வந்ததும் அடுத்தவரிடம் தருவேன்’ என்று எல்லோரையும் சொல்லவைத்தால் வரிசை 3 கிலோமீட்டர் போகும்; எம்.ஜி. ரோடு முழுவதும் நின்றாலும் இடம் போதாது. ஈட்டியோ 6 நொடிக்குள் மறுமுனையில்! நொடிக்கு 500 மீட்டர், ஒலியையே முந்தும் வேகம். இதுதான் அந்த ரெயில்கன். ஒளிவேகம் வேண்டுமா? சுமார் 118 கோடிப் பேர் போதும். 2011 கணக்கெடுப்பில் நாம் 121 கோடி.

ஆனால் இது விதியில் உள்ள ஓட்டையே அல்ல, இரட்டை வேடம். கைமாற்ற நேரமே ஆகாது என்பதற்கு விதியைக் காட்டுகிறவர், கடைசி ஆள் எறிந்ததும், வேகத்துக்கேற்ற சேதம் கேட்டு நியூட்டனைக் கூப்பிடுகிறார். விதியையே கடைசிவரை பிடித்துக்கொண்டால் எறிந்த ஈட்டியின் சேதம் ஒரு ஆறுமுகப் பகடை, அவ்வளவுதான். இயற்பியல்தான் என்றால் 3 மில்லிநொடியில் யாரால் ஈட்டியைக் கைமாற்ற முடியும்? ஆட்டத்தை நடத்துபவரான டஞ்சன் மாஸ்டருக்கு 2024-இல் வந்த கையேடு இதே வித்தையைச் சொல்லி, விதிகள் இயற்பியல் அல்ல என்கிறது.

உண்மையான ஓட்டை எலிச்சாக்குதான். 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பில், சுழன்று சுற்றியுள்ள எல்லோரையும் வெட்டும் திறமை ஒன்று. ஒரு எதிரி விழுந்தால் பக்கத்து எதிரிமேல் இலவசமாக ஒரு வெட்டு தரும் திறமை இன்னொன்று. டிராகன் முன்னால் சாக்கை அவிழ்த்து எலிகளை விட்டுச் சுழன்றால், சாகும் ஒவ்வொரு எலிக்கும் டிராகனுக்கு ஒரு வெட்டு. இதில் இயற்பியல் கலப்படமே இல்லை, எல்லாம் எழுத்துப்படி. 2003 திருத்தத்தில் ஒரு வாக்கியம் சேர்த்து அடைத்தார்கள்.

எல்லாவற்றையும் அப்படியே அடைத்துவிடலாமே என்பார்கள். கிரிக்கெட்டுக்கு அது சரி: 1981-இல் ஆஸ்திரேலியப் பந்துவீச்சாளர் டிரெவர் சாப்பல், சிக்ஸர் அடிக்க முடியாதபடி பந்தைத் தரையில் உருட்டிவிட்டபோது விதி இடம் கொடுத்தது, நடுவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை; பிறகு விதியைத்தான் மாற்ற வேண்டியிருந்தது. இங்கே டஞ்சன் மாஸ்டர் மேசையிலேயே உட்கார்ந்திருக்கிறார். எலி எதிரியாகுமா என்று அவரே தீர்ப்புச் சொல்லலாம். அது எதேச்சாதிகாரம் ஆகாதா? தீர்ப்பு இரு தரப்புக்கும் ஒன்றாக இருக்கும்வரை ஆகாது. ‘சரி, செல்லும், ஆனால் கோப்ளின் தலைவனிடமும் ஒரு சாக்கு இருக்கிறது’ என்று அவர் சொல்லிப் பார்க்கட்டும். சாக்கை அவிழ்க்க வந்தவர் முடிச்சை இறுக்கிக் கட்டிவிடுவார்.