தடை கடந்த தடம்

நுழையும்முன்

சமதளத்தில் விரைந்து ஓடுவது ஒருவகைத் திறன். சுவரேறியும் கயிறு பற்றியும் பள்ளம் தாண்டியும் இலக்கை அடைவது மற்றொரு வகைத் திறன். இவ்விரண்டாம் திறனை அளப்பதற்கு எழுந்ததே தடைக்கள ஓட்டம். படைப்பயிற்சியாகத் தோன்றி ஒலிம்பிக் அரங்கு வரை வளர்ந்துள்ள இதன் வரலாறு, தென்காசி மாவட்டத்து ஆய்க்குடியின் வரலாற்றோடு ஒரு புள்ளியில் சந்திக்கிறது. அப்புள்ளி, தடை என்னும் சொல்லுக்கே புதுப்பொருள் தருகிறது.

படைக்களத்தில் பிறந்த பயிற்சி

பிரெஞ்சுக் கடற்படை அலுவலர் ஜார்ஜ் எபேர் தடைக்களப் பயிற்சியின் முன்னோடியாவார். 1902ஆம் ஆண்டு கரீபியன் கடலிலுள்ள மார்த்தினிக் தீவில் பெலே எரிமலை வெடித்துப் பெருநாசம் விளைந்தபோது அவர் மீட்புப் பணியில் ஈடுபட்டார். இடர் நேரத்தில் பயன்படும் உடலே பயிற்சி பெற்ற உடல் என்னும் எண்ணம் அவரிடம் வேரூன்றியது. நடத்தல், ஓடுதல், தாண்டுதல், ஏறுதல், சுமத்தல், நீந்துதல் முதலிய இயல்பான அசைவுகளைக் கொண்டு அவர் ஒரு பயிற்சி முறையை வகுத்தார். வலிமை பிறருக்குப் பயன்பட வேண்டும் என்பதே அதன் அடிப்படை. அம்முறையின் தாக்கத்தால் படைமுகாம்களில் தடைக்களங்கள் பரவின.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இப்பயிற்சி போட்டியாக உருப்பெற்றது. 1946இல் பிரெஞ்சுப் படைத்தலைவர் ஹென்றி தெப்ரு படைவீரர்க்கான ஐந்திறப் போட்டியை வகுத்தார். அதில் 500 மீட்டர் தொலைவில் 20 தடைகளைக் கடக்கும் ஓட்டமும் இடம்பெற்றது. 1948இல் தோன்றிய பன்னாட்டுப் படைவீரர் விளையாட்டு மன்றம் இதனை உலகெங்கும் கொண்டுசென்றது.

பொதுமக்களின் விளையாட்டாக

1987இல் இங்கிலாந்தில் நடைபெற்ற ‘டஃப் கை’ என்னும் போட்டி, சேறும் குளிர்நீரும் நிறைந்த தடைக்களத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. 2010இல் ‘ஸ்பார்ட்டன்’, ‘டஃப் மடர்’ ஆகிய போட்டிகள் அமெரிக்காவில் தொடங்கின. 2014இல் அந்நாட்டின் ஒகையோ மாநிலத்தில் உலக வாகையர் போட்டி நடந்தது. 2019இல் பிலிப்பைன்சில் நடைபெற்ற தென்கிழக்காசிய விளையாட்டுகளிலும் தடைக்கள ஓட்டம் இடம்பெற்றது.

ஒலிம்பிக்கின் நவீன ஐந்திறப் போட்டியில் குதிரையேற்றமும் ஒரு பகுதியாக இருந்தது. 2021இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கில் ஒரு குதிரை தடைகளைத் தாண்ட மறுத்தது. அக்குதிரை நடத்தப்பட்ட விதம் உலகெங்கும் கண்டனத்திற்கு உள்ளாயிற்று. இதன் விளைவாகக் குதிரையேற்றத்திற்கு மாற்றாகத் தடைக்கள ஓட்டம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. 2023இல் மும்பையில் கூடிய பன்னாட்டு ஒலிம்பிக் குழு, 2028ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் நவீன ஐந்திறப் போட்டியின் இடத்தை உறுதிசெய்தது.

தேர்வுக்களமும் ஆய்க்குடியும்

இந்தியப் படைகளுக்கு அலுவலர்களைத் தெரிவுசெய்யும் தேர்விலும் தடைக்களம் உண்டு. தேர்வர் ஒவ்வொருவரும் மூன்று நிமிடங்களில் பத்துத் தடைகளைக் கடக்க முயல வேண்டும். ‘பாம்பு’ எனப்படும் நீண்ட சுமையை ஒரு குழுவே சுமந்து தடைகளைக் கடக்கும் ஓட்டமும் உண்டு. முன்னது தனியொருவரின் துணிவையும் பின்னது கூட்டுணர்வையும் காட்டும்.

1975ஆம் ஆண்டு சனவரியில், பொறியியல் பயின்றுவந்த ஆய்க்குடி இளைஞர் ஒருவர் கடற்படை அலுவலர் தேர்விற்காகப் பெங்களூரு சென்றார். உடற்திறன் தேர்வுகளுள் இறுதியானதில் அவர் கீழே விழுந்தார். தண்டுவடம் சிதைந்தது, கழுத்துக்குக் கீழே உடல் இயக்கம் இழந்தது. அவர் பெயர் எஸ். இராமகிருஷ்ணன். படைத்துறை மருத்துவமனையில் அவருக்கு மருத்துவமும் மனவுறுதியும் அளித்தவர் மருத்துவர் அமர்ஜித் சிங் சாகல்.

ஊர் திரும்பிய இராமகிருஷ்ணன், 1981இல் அம்மருத்துவரின் பெயரால் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தோற்றுவித்தார். ஐக்கிய நாடுகள் அவை மாற்றுத்திறனாளிகளுக்கென அறிவித்த ஆண்டும் அதுவே. சிறு பள்ளியாகத் தொடங்கிய அவ்வமைப்பில், சக்கர நாற்காலியில் இயங்கும் பட்டயக் கணக்கர் எஸ். சங்கரராமனும் பின்னர் இணைந்தார். கல்வி, தொழிற்பயிற்சி, தண்டுவடம் பாதிக்கப்பட்டோர் மறுவாழ்வு எனப் பணிகள் விரிந்தன. வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகளை இளமையிலேயே கண்டறிந்து, சிற்றூர்களில் அவர்தம் இல்லங்களுக்கே சென்று பயிற்சியளிக்கும் திட்டமும் உருவாயிற்று. 2020இல் இராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

இருவகைத் தடைகள்

ஓட்டக்களத்தில் தடை அறிந்தே வைக்கப்படுகிறது. ஓடுபவர் விரும்பியே அதனை ஏற்கிறார். அதனைக் கடந்தால் மகிழ்ச்சி. கடவாவிடில் மறுமுறை முயலலாம். பள்ளி வாயிலின் படிக்கட்டு அத்தகையது அன்று. அதனை அமைத்தவர் அதைத் தடையாக எண்ணியதில்லை. ஆயினும், சக்கர நாற்காலியில் வரும் மாணவிக்கு அது நாள்தோறும் எதிர்ப்படும் மதில். அங்கே தேவைப்படுவது அவளது துணிவு அன்று, சாய்தளமே. ஓரடி உயரத்திற்குப் பன்னிரண்டடி நீளம் என்னும் அளவில் சாய்தளம் அமைப்பது பொது நெறி. அரையடிப் படியை அகற்ற ஆறடிச் சாய்தளம் போதும்.

இக்கருத்தே சட்டமாகவும் மலர்ந்துள்ளது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, இருபத்தொரு வகைக் குறைபாடுகளை ஏற்பதோடு, பொதுக் கட்டடங்களும் போக்குவரத்தும் தடையற்றனவாக அமைய வேண்டும் எனப் பணிக்கிறது. ஆகவே, சாய்தளம் கேட்பது இரக்கத்தை வேண்டுவதாகாது, உரிமையைக் கோருவதாகும்.

ஆய்க்குடி, சங்ககால வள்ளல் ஆய் அண்டிரனின் ஊர். அவனைப் புறநானூற்றில் மிகுதியாகப் பாடியவர் உறையூர் ஏணிச்சேரி முடமோசியார். பெயரின் முன்னுள்ள அடை, அவர் கால் ஊனமுற்றவர் என்பதைச் சுட்டுவதாகக் கருதுவர். வள்ளலின் அவைக்கு அவர் எவ்வாறு நடந்து வந்தார் என்பதைப் பாடல்கள் கூறவில்லை. ஆனால், அவ்வாயில் அவருக்கு அடைக்கப்படவில்லை என்பதற்கு அப்பாடல்களே சான்று. தடை தாண்டுவோரைப் போற்றும் உலகம், தடை அகற்றுவோரையும் போற்ற வேண்டும் என்பதே ஆய்க்குடி உணர்த்தும் பாடம்.