தசைக்குள் ஓரம் போகும் உட்கரு!

பழவேற்காடு ஏரியில் வலை இழுப்பவரின் புஜத்தைப் பார்த்திருக்கிறீர்களா? அந்தத் தசையின் ஒரே இழைக்குள் நூற்றுக்கணக்கில் உட்கருக்கள்! (வீட்டுக்கு ஒரு தலைவர் என்பதெல்லாம் இங்கே செல்லாது.) இழை உருவாகும்போது நடுவில் இருப்பவை, பிறகு ஓரத்துக்கு நகர்ந்துவிடும். சுருங்கி விரியும் நார்களுக்கு நடுவில் இடம் வேண்டாமா? நரம்பு வந்து தொடும் இடத்தில் சில கூட்டமாக உட்காரும்.

அடிபட்டு ஆறும் இழையில் அவை மறுபடி நடுவில் தெரியும். பழுதுபார்ப்பு நடக்கிறது என்று அர்த்தம்.

எம்.டி.எம்.1 மரபணு கெட்டால் கதை வேறு. ஏராளமான இழைகளில் உட்கரு நடுவிலேயே இருக்கும். பெரும்பாலும் ஆண் குழந்தைகளுக்குத்தான் வரும். பிறந்ததுமே துவண்டு கிடக்கும், மூச்சுவிடத் திணறும். ‘போகப் போக சரியாயிடும்’ என்று பாட்டி சொன்னாலும் காத்திருக்காதீர்கள். பெங்களூர் நிம்ஹான்ஸ் போன்ற இடங்களில் தசையில் துளி எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். மரபணுச் சோதனையும் உண்டு.