கல்லில் படரும் இலைக்கன்

நெடுங்காலம் விட்டிருந்த காணிக்குத் திரும்புகின்றவர்கள் முதலில் தேடுவது கிணற்றையும் எல்லைக்கல்லையுமே. பற்றை வெட்டிக் கல்லைக் கண்டதும் பலர் செய்யும் அடுத்த வேலை, அதன்மேல் படர்ந்துள்ள சாம்பல் நிறப் படையை மண்வெட்டியாலோ கம்பித் தூரிகையாலோ சுரண்டி எடுப்பதாகும். “கல்லில் ஊத்தை பிடித்துவிட்டது” என்பது வழக்கமான பேச்சு. ஆனால் அது ஊத்தையன்று, ஓர் உயிர். அது எவ்வாறு இருக்கும், எங்கே வளரும், எவ்வளவு மெதுவாக வளரும் என்பவற்றையும், சுரண்டுவதற்கு முன் அதை ஒருமுறை உற்றுப் பார்ப்பது ஏன் நல்லது என்பதையும் இங்கே கூற விரும்புகின்றோம்.

தோற்றம்

எமது பாடநூல்கள் இதனை இலைக்கன் என்கின்றன. பெயரில் இலை இருந்தாலும் இதற்கு இலையுமில்லை, வேருமில்லை, பூவுமில்லை. இலைக்கன்களில் சில, சுருண்ட சிறு இலைகள் போல மரப்பட்டையில் ஒட்டியிருக்கும். சில சிறு பற்றைகள் போலத் தொங்கும். பாறையில் நாம் பெரும்பாலும் காண்பது மூன்றாவது வகையான பொருக்கு வகையாகும். மனித உடலில் தேமல் படர்வது போல, வட்ட வட்டமாகக் கல்லோடு கல்லாக ஒட்டிக் கிடக்கும். வெண்சாம்பல், கருஞ்சாம்பல், மங்கிய பச்சை, மஞ்சள், செம்மஞ்சள் எனப் பல நிறங்கள் உண்டு.

கிட்ட நின்று பார்த்தால், வரண்ட குளத்தின் சேறு வெடித்தது போல அதன் மேற்பரப்பு சிறு சிறு கட்டங்களாகப் பிளந்திருப்பது தெரியும. நடுவில் கடுகளவிலும் சிறிய கரும்புள்ளிகள் அல்லது கிண்ணங்கள் காணப்படலாம். இவற்றிலிருந்தே வித்திகள் வெளியேறுகின்றன. சில இனங்களில் ஓரத்தைச் சுற்றிக் கறுப்புக் கோடொன்று ஓடும். இரண்டு வட்டங்கள் வளர்ந்து முட்டிக்கொள்ளும் இடத்தில் இக்கோடு வேலி போல நிற்கும். ஆகவே பெரிய படையொன்றைக் கண்டால், அது ஒன்றா, பல சேர்ந்ததா என்பதை இக்கோட்டைக் கொண்டு பிரித்தறியலாம்.

நகத்தால் உரித்தால் இது வராது. இதன் அடிப்பக்கத்தில் தோல் இல்லை. இழைகள் கல்லின் மணிகளுக்கு இடையே நேராக இறங்கியிருக்கின்றன. பலமாகச் சுரண்டினால் கல்லின் துகளும் சேர்ந்தே வரும்.

இருவர் நடத்தும் குடித்தனம்

இலைக்கன் தனி உயிரன்று. பங்கசு ஒன்றும் அல்கா ஒன்றும் சேர்ந்து நடத்தும் குடித்தனம் அது. சுவிற்சர்லாந்து நாட்டுத் தாவரவியலாளர் சைமன் ஷ்வென்டனர் 1860களின் இறுதியில் இதனை எடுத்துக் கூறியபோது, அக்காலத்து அறிஞர் பலர் ஏற்க மறுத்தனர். இன்று இது ஐயமற்ற உண்மை.

பங்கசு வீட்டுக்குக் கூரையும் சுவரும் போன்றது. அது கல்லைப் பற்றிப் பிடித்து, ஈரத்தை உறிஞ்சி, வெயிலின் கடுமையைத் தடுக்கின்றது. அதற்குள்ளே மெல்லிய பச்சைப் படையாக இருக்கும் அல்கா, சூரிய ஒளியைக் கொண்டு உணவு தயாரிக்கின்றது. அந்த உணவில் ஒரு பங்கே பங்கசின் சீவனம். சில இலைக்கன்களில் அல்காவுக்குப் பதிலாக நீலப்பச்சை நிற சயனோபற்றீரியா இருக்கும். வயல் நீரில் வளர்ந்து, காற்றிலுள்ள நைதரசனை மண்ணுக்குச் சேர்ப்பவையும் இக்கூட்டத்தைச் சேர்ந்தவையே.

எங்கே வளரும்?

திருகோணமலை மாவட்டத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,600 மில்லிமீற்றர் மழை பெய்கின்றது. அதன் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் சனவரி வரை வாடைக்காற்றோடு வருவதாகும். பின்னர் கச்சான் காற்றுக் காலத்தில் பாறைகள் அடுப்புக்கல் போலச் சுடும். வேறெந்தச் செடியும் தாங்காத அந்த வெப்பத்தை இலைக்கன் தாங்குகின்றது. தாங்கும் வழி எளிது. ஈரம் போனதும் அது முற்றாகக் காய்ந்து, வேலையை நிறுத்திவிடும். விடியற்காலைப் பனியோ, ஒரு தூறலோ பட்டால் சில நிமிடங்களில் மீண்டும் உயிர்த்தொழிலைத் தொடங்கும். காய்ந்த சாம்பல் நிறப் படையொன்றின்மேல் சிறிது தண்ணீர் தெளித்துப் பாருங்கள். மேற்தோல் ஒளியை உள்ளே விடுவதால், அடியிலுள்ள அல்காவின் பச்சை மேலே தெரியும்.

கல்லின் வகையும் முக்கியம். சுவாமி மலையிலும் கன்னியாப் பக்கத்துக் குன்றுகளிலும் உள்ளவை போன்ற கடினமான பழம் பாறைகளில் ஒரு கூட்டம் வளரும். சுண்ணாம்புச் சாந்து, முருகைக்கல், பழைய சீமெந்து ஆகியவற்றில் வேறொரு கூட்டம் வளரும். புதுச் சீமெந்தில் காரம் அதிகமாதலால், பல மழை கண்ட பின்னரே அங்கு குடியேற்றம் தொடங்கும். அலை ஓயாது அடிக்கும் பாறையின் அடியில் உப்பைத் தாங்குவன மட்டுமே நிலைக்கும். மேலே போகப் போக இனங்கள் மாறும்.

எமது நாட்டு இலைக்கன்கள் நீண்ட காலமாகவே ஆராயப்பட்டு வந்துள்ளன. பேராதனைப் பூங்காவின் பணிப்பாளராயிருந்த துவெயிற்ஸ் சேகரித்தவற்றை, 1870ஆம் ஆண்டளவில் லெய்ற்றன் என்பவர் இங்கிலாந்தில் பட்டியலிட்டு வெளியிட்டார்.

வளர்ச்சி

பொருக்கு இலைக்கன் நடுவிலிருந்து வெளிநோக்கி, தண்ணீரில் விழுந்த எண்ணெய்த் துளி போல நாற்புறமும் பரவும். ஆனால் வேகம் மிகக் குறைவு. பல இனங்களின் ஓரம் ஓர் ஆண்டில் ஒரு மில்லிமீற்றர்கூட நகர்வதில்லை. சில இனங்கள் அதிலும் கூடுதலாக நகரும். ஆண்டுக்கு அரை மில்லிமீற்றர் நகரும் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 20 ஆண்டில் அதன் ஓரம் நடுவிலிருந்து 10 மில்லிமீற்றர் தள்ளிப் போயிருக்கும். அதாவது, பிள்ளை பிறந்து வளர்ந்து தொழிலுக்குப் போகும் காலத்தில் இவ்வட்டம் ஒரு பழைய ஒரு ரூபாய்க் குற்றியின் அளவைக்கூட எட்டாது. இதைவிட, வித்தி வந்து விழுந்து, துணை அல்காவைக் கண்டு, கண்ணுக்குத் தெரியும் புள்ளியாவதற்கே ஆண்டுகள் பல செல்லும்.

இந்த மந்தமான வளர்ச்சியைக் காலக்கணக்குக்குப் பயன்படுத்தலாம் என்று ஒஸ்திரிய நாட்டவரான றோலண்ட் பெஷல் 1950இல் காட்டினார். ஆண்டு பொறித்த கல்லறைக் கற்களில் வளர்ந்த இலைக்கன்களை அளந்து, எத்தனை ஆண்டுக்கு எவ்வளவு என்று கண்டார். பின்னர் பனிமலைகள் விட்டுச்சென்ற கற்களின் வயதை அதனைக் கொண்டு மதிப்பிட்டார். அந்தக் குளிர்நாட்டுக் கணக்கை இங்கே அப்படியே பயன்படுத்தக் கூடாது. மழை, வெயில், கல், இனம் எல்லாம் வேறு. எனினும் எமது கல்லறைத் தோட்டங்களிலும் பழைய மதகுகளிலும் ஆண்டு பொறித்த கற்கள் உண்டு. அவற்றில் படர்ந்துள்ளவற்றைப் பார்த்தால் இதன் மந்தத்தை எவரும் உணரலாம்.

எல்லைக்கல்லும் இலைக்கனும்

சம்பூர், கூனித்தீவு, கடற்கரைச்சேனை மக்கள் 2006இல் இடம்பெயர்ந்தனர். 2015, 2016ஆம் ஆண்டுகளில் காணிகள் விடப்படும்வரை அவர்களில் பலர் கிளிவெட்டி போன்ற இடங்களில் முகாம்களில் இருந்தனர். இவ்வளவு காலத்தில் வேலி உக்கிவிடும். கதியால் மரமாகிவிடும், அல்லது இல்லாமலே போய்விடும். கல் நிற்கும். ஆனால் அது முன்பு நின்ற இடத்திலேயே நிற்கின்றதா என்பதே அயலவரிடையே தகராறுக்குக் காரணமாகின்றது. இங்கே இலைக்கன் ஓரளவு உதவும். ஏனெனில் அது ஒளி படும் இடத்தில் மட்டுமே வளரும். மண்ணுக்குள் இருக்கும் பகுதியில் வளராது.

அசையாமல் நிற்கும் கல்லில், மண்மட்டத்துக்கு மேலே இலைக்கன் படர்ந்திருக்கும். மண்மட்டத்தில் அது நின்றுவிடும்.

அண்மையில் பிடுங்கி நட்ட கல்லில், மண்ணுக்கு மேலே ஒரு வெறும் பட்டை தெரியலாம். அல்லது படர்ந்த இலைக்கன் மண்ணுக்குள்ளே புதைந்து போவதைக் காணலாம்.

புரண்ட கல்லில், மேற்பக்கம் வெறுமையாகவும் நிலத்தை நோக்கிய பக்கத்தில் இலைக்கன் நிறம் மாறி இறந்தும் இருக்கும்.

ஆயினும் அவசரப்பட்டு முடிவுக்கு வரக் கூடாது. வெள்ளம் மண்ணை அரித்துச் சென்றாலும் கல்லில் வெறும் பட்டை தோன்றும். சுற்றிலுமுள்ள எல்லாக் கற்களிலும் அதே பட்டை இருந்தால், அது வெள்ளத்தின் வேலையென்று கொள்ளலாம். சேனை எரித்த நெருப்பும் இலைக்கனைக் கொன்றுவிடும். ஆகவே இது உறுதிக்கோ, காணி அனுமதிப்பத்திரத்துக்கோ, நில அளவைப் படத்துக்கோ ஈடாகாது. ஆவணத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய ஓர் அடையாளம் மட்டுமே.

எனவே திரும்பிச் செல்வோர் கவனிக்க வேண்டியவை சில உள்ளன. எல்லைக்கல்லைச் சுரண்டவோ, கழுவவோ, வெள்ளையடிக்கவோ வேண்டாம். நான்கு பக்கமும், அடிமண்ணும் தெரியும்படி படமெடுத்து வையுங்கள். கிராம உத்தியோகத்தரும் அயலவரும் கூட நிற்க அதைச் செய்வது நல்லது. கல்லைப் பிடுங்கிப் பார்க்க வேண்டாம். அளவைக்கல்லை அசைப்பது குற்றம் என்பதோடு, வெடிபொருள் அகற்றியதாக உறுதி செய்யப்படாத இடத்தில் மண்ணைக் கிளறுவது உயிருக்கே ஆபத்தாகும். கல்லில் எழுத்து மங்கியிருந்தால், காலையிலோ மாலையிலோ சரிவெயில் விழும்போது பக்கவாட்டில் நின்று பாருங்கள். சுரண்டாமலே எழுத்தின் பள்ளம் நிழலாகத் தெரியும்.

தீங்கு செய்யுமா?

மா, தேசி, தென்னை மரங்களிலும் இலைக்கன் படர்வதுண்டு. அது மரத்தின் சாற்றை உறிஞ்சுவதில்லை. மரம் நலிந்து இலை குறைந்தால் தண்டில் ஒளி கூடுதலாக விழும், அதனால் இலைக்கனும் கூடும். நலிவுக்கு அது காரணமன்று. ஆகையால் இதற்கென மருந்து வாங்கிப் பணத்தை வீணாக்க வேண்டாம். வேரையும் நீரையும் பசளையையும் கவனியுங்கள். கிணற்றின் உட்புறத்தில் வழுக்கும் பச்சை, வேறு பாசியாகும். அதனைச் சுத்தம் செய்யத்தான் வேண்டும். கிணற்றுக்கட்டின் வெளிப்புறத்தில் காய்ந்து கிடக்கும் பொருக்கால் தண்ணீருக்குக் கேடில்லை.

காற்று கெட்டால் முதலில் பாதிக்கப்படுபவற்றில் இலைக்கனும் ஒன்று. நச்சைத் தடுக்கும் மெழுகுத்தோல் அதற்கில்லை. பரிஸ் நகரில் புகை கூடிய இடங்களில் இலைக்கன்கள் மறைவதை நைலாண்டர் என்பவர் 1866இலேயே குறிப்பிட்டார். நிலக்கரி எரிக்கும்போது வெளிவரும் கந்தகவீரொட்சைட்டு அவற்றுக்குக் கொடிய நஞ்சாகும். சம்பூரில் அமைக்கத் திட்டமிட்டிருந்த 500 மெகாவாற் நிலக்கரி மின்நிலையம் 2016இல் கைவிடப்பட்டது. எனினும் எந்தத் தொழிற்சாலை எந்த ஊருக்கு வந்தாலும், வருமுன் அவ்வூர்க் கற்களிலும் மரங்களிலும் இலைக்கன் எவ்வளவு இருந்தது என்ற குறிப்பும் படமும் ஊரவர் கையில் இருப்பது பயன் தரும். பாடசாலைப் பிள்ளைகளே இதைச் செய்யலாம்.

பற்றை வெட்டினால் அடுத்த மாரிக்கு மீண்டும் முளைக்கும். கல்லிலிருந்து சுரண்டிய இலைக்கன் அப்படி வராது. நீங்கள் ஊரில் இல்லாத ஆண்டுகளில் அக்கல் அசைந்ததா, இல்லையா என்பதைச் சொல்லக்கூடிய அடையாளத்தை, பத்து நிமிடத் துப்புரவில் அழித்துவிட வேண்டாம்.