கைவலி என்று காலம் கடத்தலாகாது



அண்மையில் ஒரு நெசவாளர் சங்கத்தின் பதிவேட்டைத் தணிக்கை செய்தபொழுது, ஒரு பெயருக்கு எதிரே 'காலமானார்' என்று எழுதப்பட்டிருக்கக் கண்டேன். பங்குத் தொகையைப் பெற வந்திருந்த அவர் மனைவியார், "இரண்டு நாளாக இடக்கை கனக்கிறது என்றார், தறியடித்த வலிதானே என்று தைலம் தேய்த்துவிட்டேன்" என்று கூறிக் கண்ணீர் உகுத்தார். அவர்மீது குற்றமில்லை. நம்மில் எவரும் அவ்வாறே செய்திருப்போம்.

நாள் முழுதும் நாடாவை இழுத்து மிதிப்பவர்க்கும், விடியுமுன் கீரைக்கட்டுகளைச் சுமந்து கோயம்பேட்டிற்குச் செல்வோர்க்கும் கைகால் வலி புதிதன்று. ஆகவேதான் நாம் ஏமாறுகிறோம்.

இருதயத்தின் நரம்புகளும் கையின் நரம்புகளும் முதுகுத் தண்டில் ஏறத்தாழ ஒரே பகுதியை அடைகின்றன. ஆதலால் இருதயத்தின் வேதனையை மூளை கையின் வேதனையென மயங்குகிறது. இவ்வலி இடக்கையில் மட்டுமன்றி, வலக்கையிலும், தோள், தாடை, முதுகிலும் தோன்றலாம்.

உழைப்பினால் வந்த வலி, கையை அசைத்தாலோ அமுக்கினாலோ பெரும்பாலும் மிகும். இருதய வலி பொதுவாக அவ்வாறு மாறுவதில்லை. பாரம் ஏற்றியதுபோல் கனக்கும். மார்பில் இறுக்கம், குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல், குமட்டல் ஆகியவை உடன் வரலாம். பெண்களுக்கும் நீரிழிவுள்ளோர்க்கும் மார்புவலி இன்றியே மாரடைப்பு நேர்வதுண்டு. ஐயம் எழுந்தால், இருதயம் என்றே கொள்ளுதல் நலம்.

கால்வலி மாரடைப்பின் நேர் அடையாளமன்று. ஆயினும் நடக்கையில் கெண்டைக்கால் வலித்து, நின்றதும் தணியுமாயின், காலின் இரத்தக்குழாய் அடைபட்டிருக்கக்கூடும். அத்தகையோர்க்கு இருதயக் குழாய்களிலும் அடைப்பு இருத்தல் உண்டு. இரு பாதங்களும் வீங்கி மூச்சும் வாங்கினால் இருதயம் தளர்ந்திருக்கலாம். இவற்றைத் தாமதியாது மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும்.

மாரடைப்பென ஐயுற்றால் வேலையை உடனே நிறுத்தி உட்கார வேண்டும். வாயு என்று சோடாவும் சுக்குக் கஷாயமும் அருந்திக் காத்திருத்தல் கூடாது. நடந்தோ, தாமே வண்டி ஓட்டியோ செல்லலாகாது. 108-ஐ அழையுங்கள். தமிழக அரசு 2023-ஆம் ஆண்டில் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தின்படி, ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை நிலையங்களிலும் இரத்தம் உறைவதைத் தடுக்கும் முதல் மாத்திரைகள் வைக்கப்பட்டன. 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' பணியாளர்கள் வீடு தேடி வந்து இரத்த அழுத்தத்தையும் நீரிழிவையும் கவனிக்கின்றனர். அவர்களைத் திருப்பி அனுப்பாதீர்கள்.

ஆவடியிலிருந்தும் அம்பத்தூரிலிருந்தும் ரயிலேறினால் சிறிது நேரத்தில் வரும் பெரம்பூரின் ரயில்வே மருத்துவமனையில்தான், 1975-ஆம் ஆண்டு டாக்டர் கே. எம். செரியன் இந்தியாவின் முதல் இருதய பைபாஸ் அறுவைச் சிகிச்சையைச் செய்தார். வைத்தியம் நமக்குத் தொலைவில் இல்லை. நாம்தான் காலந்தாழ்த்திச் செல்கிறோம்.

கடன் தவணை தவறினால் அபராதத்துடன் பின்னர்ச் செலுத்தலாம். இருதயம் அவ்வாறு தவணை தருவதில்லை. ஆகவே ஒவ்வொரு சங்கமும் அடுத்த கூட்டத்தில் இதனைப் படித்துக் காட்டி, அண்மையிலுள்ள சுகாதார நிலையத்தின் பெயரையும் 108 என்னும் எண்ணையும் அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.