அணைக் கணக்கில் 'பூஜ்யம்' வந்தால் வறட்சியா? பழைய டேட்டா கிராஃபாக மாறும்போது நடப்பது என்ன?

"பவானிசாகர் அணை நிலவரம்: நீர்மட்டம் இத்தனை அடி, நீர்வரத்து விநாடிக்கு இத்தனை கன அடி." தினமும் காலையில் போனில் வந்து விழும் வரி இது. பார்த்துவிட்டு ஸ்க்ரோல் பண்ணிவிடுவோம். ஆனால், அணை பயன்பாட்டுக்கு வந்த 1955-லிருந்து இந்த வரிகளை ஒன்றின்கீழ் ஒன்றாக அடுக்கினால் அதுதான் வரலாற்றுத் தரவு. கீழ்பவானி வாய்க்காலை எப்போது திறப்பது, எத்தனை நாள் விடுவது என்று கணினியில் ஒத்திகை பார்க்க வேண்டுமானால் இதை நம்பித்தான் பார்க்க வேண்டும். 2.07 லட்சம் ஏக்கர் பாசனம் அந்த வாய்க்காலில் தொங்குகிறது.

ஒத்திகை என்பது சிமுலேஷன். அமெரிக்க ராணுவப் பொறியாளர் பிரிவு உருவாக்கிய எச்.இ.சி-ரெஸ்சிம் மாதிரியான மென்பொருள்கள் இதற்கு இருக்கின்றன. முதலில் கடந்துபோன ஆண்டுகளை ஓட்டிப் பார்ப்பார்கள். மென்பொருள் சொல்லும் நீர்மட்டம் கோடாகவும், அன்று நிஜமாக அளந்தது புள்ளிகளாகவும் ஒரே கிராஃபில் வரும். கோடு புள்ளிகளை ஒட்டிப் போனால் மாடலை நம்பலாம். நிலத்தடி எண்ணெய்த் தேக்கங்களைக் கணக்கிடுபவர்களும் இதையேதான் செய்கிறார்கள். அவர்களுடைய 'எக்ளிப்ஸ்' மென்பொருளில் அளந்த தொடரின் பெயருக்குப் பின்னால் 'எச்' என்ற எழுத்து ஒட்டிக்கொண்டிருக்கும். ஹிஸ்டரி என்று அர்த்தம்.

சரி, கோடு ஒட்டவில்லை என்றால்? உடனே மாடலைத் திருத்தக் கிளம்பிவிடுகிறோம். பல நேரம் கோளாறு புள்ளிகளில்தான் இருக்கும்.

பவானிசாகரையே எடுத்துக்கொள்வோம். அணையின் உயரம் 120 அடி. இதில் 15 அடியைச் சகதிக்கென்று கழித்துவிட்டு 105 அடி என்றுதான் இங்கே செய்தி போடுகிறோம். மத்திய நீர் ஆணையத்தின் வாராந்திர அறிக்கையிலோ அதே தண்ணீர் கடல்மட்டத்திலிருந்து இத்தனை மீட்டர் என்று வரும். கொள்ளளவை நாம் டிஎம்சி என்போம், அவர்கள் பில்லியன் கன மீட்டர் என்பார்கள் (1 டிஎம்சி என்றால் 0.0283). ஒரு ஃபைலில் மூன்றும் கலந்துவிட்டால் மென்பொருள் எதுவும் கேட்காது. சமர்த்தாகக் கோடு போட்டுக் கொடுத்துவிடும். நடுவில் ஒரு செங்குத்துப் படி தெரியும், அவ்வளவுதான். அதை வெள்ளம் என்று நினைப்பவர்களும் உண்டு.

அடுத்தது நீர்வரத்து. அணைக்குள் வரும் தண்ணீரை முழுக்க மீட்டர் வைத்து அளந்துவிட முடியாது. நேற்றைக்கும் இன்றைக்கும் இருப்பு எவ்வளவு மாறியது, எவ்வளவு வெளியேற்றினோம், எவ்வளவு ஆவியானது என்று பின்னோக்கிக் கணக்குப் போட்டும் எடுக்கிறார்கள். பவானிசாகரில் 100 அடிக்கு மேல் ஒரு அடி என்பது சுமார் 0.8 டிஎம்சி. அப்படியானால் 0.1 அடி என்பது 8 கோடி கன அடி. அதை ஒரு நாளின் 86,400 விநாடிகளால் வகுத்தால் விநாடிக்கு 900 கன அடிக்கும் மேல் வருகிறது. அளவுகோலைப் பார்ப்பவர் 0.1 அடியைக் கூட்டியோ குறைத்தோ எழுதிவிட்டால், இல்லாத ஒரு சின்ன வெள்ளமே டேட்டாவில் பிறந்துவிடும். மறுநாள் வாசிப்பு சரியானதும் நீர்வரத்து மைனஸில் போகும்! அந்த மைனஸை மட்டும் அழித்துவிட்டு முந்தைய நாளின் பொய் வெள்ளத்தை விட்டுவைப்பதுதான் பெரிய தப்பு. மாதக் கூட்டுத்தொகை வீங்கிவிடும். இரண்டையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் கணக்கு நேராகும்.

தேதியிலும் ஒரு பொறி உண்டு. காலை 8 மணிக்குப் பதிவாகும் நீர்மட்டம் அந்தக் கணத்தின் அளவு. நீர்வரத்தோ, முடிந்துபோன 24 மணி நேரத்தின் சராசரி. எச்.இ.சி-யின் டிஎஸ்எஸ் கோப்பு முறையில் சராசரி மதிப்புக்கு அந்தக் காலம் முடியும் நேரத்தைத்தான் முத்திரையாகக் குத்துவார்கள். எக்ஸெலிலிருந்து ஏற்றும்போது இதைக் கவனிக்காவிட்டால் வெள்ளத்தின் உச்சம் ஒரு நாள் தள்ளிப்போகும். அதைச் சரிக்கட்ட, ஆற்றில் தண்ணீர் வந்துசேரும் நேரத்தை மாடலில் மாற்றுவார்கள். கிராஃப் அழகாகிவிடும், மாடல் கெட்டுப்போகும்.

இப்போது தலைப்பில் கேட்ட பூஜ்யத்துக்கு வருவோம். பதிவு இல்லாத நாளும் தண்ணீர் இல்லாத நாளும் ஒன்றல்ல. டிஎஸ்எஸ் கோப்புகளில் காணாமல்போன நாளுக்கு நெடுங்காலம் -901 என்ற எண்ணைத்தான் வைத்திருந்தார்கள். அது தெரியாத வேறொரு புரோகிராமில் ஏற்றினால் சராசரி பாதாளத்துக்குப் போகும். காலி செல்லை 0 என்று நிரப்புவது இன்னும் மோசம், ஏனென்றால் அது நம்பும்படி இருக்கும்.

திருப்பூர்க்காரர்களுக்கு இதில் சொந்தக் கதையே இருக்கிறது. சென்னிமலை அருகே நொய்யலின் குறுக்கே 1992-ல் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கியது. விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். பிறகு தண்ணீர் தேக்காமல் மதகுகளைத் திறந்தே வைத்தார்கள். அந்த ஆண்டுகளின் இருப்பு பூஜ்யத்தை ஒட்டித்தான் இருக்கும். ஆனால் அது மழை பெய்யாததால் வந்த பூஜ்யமில்லை. காரணத்தைத் தொடரோடு எழுதி வைக்காவிட்டால், பிற்பாடு கிராஃப் போடுபவர் 'நீண்ட வறட்சி' என்று தலைப்பு வைத்துவிடுவார்.

அந்த நீரின் உப்பைக் கணக்கிடுவதும் அப்படித்தான். கழிவுநீரில் கரைந்த உப்புக்கான வரம்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராம். ஒரு உதாரணக் கணக்கு: ஒரு நாள் 100 கன அடி ஓடுகிறது, உப்பு 4,000. மழை பெய்த இன்னொரு நாள் 1,900 கன அடி, உப்பு 500. வெறும் சராசரி 2,250, வரம்பைத் தாண்டிவிட்டது. ஓடிய தண்ணீரின் அளவையும் சேர்த்துக் கணக்கிட்டால் 675, பிரச்சினையே இல்லை என்று தோன்றும். அணை நிறைந்தால் தேங்கும் நீரின் தன்மையைச் சொல்வது 675. முதல் நாள் அதே ஆற்றில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டியவருக்கு 4,000-தான் உண்மை. இரண்டு சராசரியிலும் அவர் இல்லை.

அதனால்தான் விவரமானவர்கள் மூலத் தொடரில் கை வைப்பதில்லை. டிஎஸ்எஸ் முறையில் ஒவ்வொரு தொடரின் பெயருக்கும் ஆறு பகுதிகள் உண்டு. கடைசிப் பகுதி, அது எந்தப் பதிப்பு என்று குறிப்பதற்கு. அளந்தது, திருத்தியது, மாடல் கணக்கிட்டது என மூன்றையும் தனித்தனியாக வைத்து, ஒரே கிராஃபில் மூன்று நிறத்தில் போடலாம். யாராவது "இந்த எண் எங்கிருந்து வந்தது?" என்று கேட்டால், அழித்ததும் சேர்த்ததும் அப்படியே திரையில் தெரியும்.