என்பைக் காக்கும் மருந்தும் பல்லைப் பேணும் கடனும்

என்பு நாடோறும் ஒருபாற் கரைந்தும் ஒருபால் வளர்ந்தும் தன்னைப் புதுக்கிக்கொள்ளும் உயிர்ப்பொருள். மார்பகம் முதலிய உறுப்புகளிற் தோன்றிய புற்றுநோய் என்பிற் பரவுமாயின், கரைக்கும் உயிரணுக்கள் மிகுந்து தொழிற்படும். என்பு நலிந்து எளிதில் முறியும். அவற்றை அடக்குதற்கு வைத்தியர் விதிக்கும் மருந்துகளுள் ஒன்று சொலெட்ரோனிக் அமிலம். இது வழக்கமாக 4 மில்லிகிராம் அளவில், 15 நிமிடத்துக்குக் குறையாது, நாளத்தினூடாகச் செலுத்தப்படும். விரைந்து செலுத்தினாற் சிறுநீரகத்துக்குக் கேடு விளையும். ஆதலின் ஒவ்வொரு முறையும் முன்னதாக இரத்தத்திற் கிரியேற்றினின் அளவை நோக்குதல் விதி. இரத்தத்திற் கல்சியம் குறையாதிருக்க, வைத்தியர் குறித்தவாறு கல்சியமும் விற்றமின் டியும் உட்கொள்ளல் வேண்டும்.

இனிப் பலரும் அறியாத தொன்று உண்டு. என்பு கரைதல் தடைப்படுங்கால் அது புதுக்கப்பெறுதலும் மந்தமாகும். அதனாற் பல் பிடுங்கிய இடம் ஆறாது, தாடையென்பு வெளித்தெரிந்து பட்டுப்போதல் கூடும். இத்தீங்கு 2003ஆம் ஆண்டில் மருத்துவ ஏடுகளில் எடுத்துரைக்கப்பட்டது. அரிதாயினும் வந்தபின் மாற்றுதல் கடினம். எனவே மருந்து தொடங்குமுன்னரே பல்வைத்தியரைக் கண்டு, பிடுங்கவேண்டிய பல்லைப் பிடுங்குவித்து, புண் ஆறவிடுதல் நன்று. பின்னர்ப் பல்வலி வருமாயின், இம்மருந்து பெறுவதை முதற்கண் அவருக்கு உரைத்தல் வேண்டும். அஞ்சித் தாமே மருந்தை நிறுத்துதலும், அறிவியாது பல்லைப் பிடுங்குவித்தலும் ஒருங்கே தவிர்க்கத்தக்கன.